கறி தோசை வண்டிக்கு எஸ்எம்எஸ் விட்ட கதை

மதுரைக்குள்ள நம்ம டாட்டா ஏஸ் வண்டி ஒரே இடத்துல நிக்காது, ஒருநாள் தெப்பக்குளம், மறுநாள் காளவாசல், ஞாயித்துக்கிழமை அண்ணா நகர் பக்கம். "இன்னைக்கு எங்கண்ணே நிக்கிறீங்க"ன்னு சாயங்காலம் ஆனா போன் மேல போன், மாவ ஊத்துவேனா போன எடுப்பேனா. வாட்சப் பிராட்காஸ்ட் போட்டா நம்ம நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கவய்ங்களுக்கு மட்டும்தான் போகுது, அதுவும் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேரு. மாட்டுத்தாவணி லோடுமேன் அண்ணன்மாரு பாதிப்பேரு பட்டன் போன்தான். அதான் 2023ல எஸ்எம்எஸ்ஸுக்கு எறங்குனேன்.

பல்க்கா அனுப்பணும்னா மொதல்ல டிஎல்டில, அதாவது விளம்பர மெசேஜ் அனுப்புறவய்ங்க பேரெல்லாம் பதியுற ஆன்லைன் பதிவேட்டுல பதியணும், போன் கம்பெனிகள கண்காணிக்குற ட்ராயோட 2018 ரூல். பான் கார்டு, உத்யம் சர்டிபிகேட் (சின்ன தொழிலுக்கான பதிவு), லெட்டர்னு ஸ்கேன் பண்ணி ஏத்துனேன், இதுல பெருசா ஒண்ணுமில்ல, காத்துக் கெடக்கணும் அவ்வளவுதான். அப்புறம் ஹெட்டர், மெசேஜ் யாருகிட்டருந்து வருதுன்னு மேல காட்டுற பேரு. நம்ம கடைப் பேரு எழுத்துல வரும்னு நெனச்சா விளம்பர மெசேஜுக்கு வெறும் ஆறு நம்பர்தான் குடுக்குறாய்ங்க, அதனால கடைப் பேர மெசேஜுக்குள்ளயே வச்சாகணும், இல்லாட்டி டெம்ப்ளேட்ட, அதாவது அனுப்புறதுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்க வேண்டிய மெசேஜ் மாதிரிய தள்ளிவிட்டுருவாய்ங்க.

உண்மையான வேலை அந்த டெம்ப்ளேட்லதான். இங்கிலீசுன்னா ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழுன்னா 70தான், தாண்டுனா ரெண்டு மெசேஜ் காசு. அதுலயும் கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது. "கறி தோசை" நம்ம கண்ணுக்கு நாலெழுத்து, அதுக்கு நடுவுல இருக்க இடத்தையும் சேத்து எட்டு! "சுடச்சுட", "வாங்க வாங்க" எல்லாத்தையும் வெட்டிட்டு கடைப் பேரு, எடம், மணி, அன்னைக்கு ஸ்பெஷல் மட்டும் வச்சேன். எடமும் மணியும் மாறுற பகுதின்னு குறிச்சுட்டா தெனமும் அத மட்டும் மாத்திக்கலாம்.

நம்பர் வாங்க கல்லாகிட்ட ஒரு நோட்டு, சாப்பிட வர்றவங்களே எழுதட்டும்னு. ஒவ்வொரு பக்கத்துலயும் சால்னா கறை, அதுல 1ஆ 7ஆன்னு பாக்குறதே தனி வேலை. ரெகுலர் மாமா ஒருத்தரு "எனக்கு மட்டும் வரலையேய்யா"ன்னு கோவிச்சுக்கிட்டாரு, பாத்தா டிஎன்டி, அதாவது விளம்பர மெசேஜே வேணாம்னு தடை போட்டு வச்சிருக்காரு. 1909க்கு அடிச்சு சாப்பாடு வகைய மட்டும் தொறந்துவிட்டு லோன்காரய்ங்க, பிளாட் விக்கிறவய்ங்கள அப்படியே அடச்சு வச்சுக்கலாம் மாமான்னு சொல்லிக் குடுத்தேன்.

கடுப்பு என்னன்னா விளம்பர மெசேஜ் காலைல 10லருந்து ராத்திரி 9 வரைதான் போகும். மதுரைல ஒம்போதுக்கு மேலதான்யா வியாபாரமே, மாவு மிச்சம் கெடக்குன்னு அப்ப சொல்ல வழியில்ல. அதனால அஞ்சு மணிக்கே அனுப்பிருவேன். மேப் லிங்க்கும் வைக்கிறதில்ல, 2024 அக்டோபர்லருந்து லிங்க்கையும் முன்கூட்டியே பதியணும், தெப்பக்குளத்துக்கு மேப் எதுக்கு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே பண்ணி வைங்க. "மழை, இன்னைக்கு வண்டி இல்ல"ன்னு சொல்லணும்னாலும் அதுக்குன்னு தனி டெம்ப்ளேட் வேணும், ஐப்பசி பொறக்குறதுக்குள்ள அப்ரூவல் வாங்கிருங்க, மழை கொட்டும்போது போய் அப்ளை பண்ணிக்கிட்டிருக்க முடியாது.