பந்து தேயிலைக்குள் போனால் அவுட்

மே 4, 2025, ஞாயிறு
லீவுக்கு மகனை அம்மா வீட்டில் விட்டு வந்தாச்சு. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன். ஒரே வரிசையில் பத்து வீடு, முன்னால் நீளமாக ஒரே வாசல். பத்துக் கதவும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். போனில் கேட்டால், "இங்கனதான் எங்கயாச்சும் இருப்பான்" என்கிறாள் அம்மா. எனக்குத்தான் வயிறு கலங்குது.

மே 6, செவ்வாய்
குன்னூரில் எங்கள் காலனிக்குக் காம்பவுண்டு, கேட், செக்யூரிட்டி, கேமரா எல்லாம் உண்டு. சின்னப் பார்க்கில் ஊஞ்சலும் உண்டு, 'பந்து விளையாடக் கூடாது' போர்டும் உண்டு. பிள்ளைகள்தான் இல்லை. கேட்டைத் தாண்டினால் சீசன் கூட்டம். நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று ஏப்ரலிலிருந்து கட்டுப்பாடு. அந்த ஆறாயிரமும் எங்கள் வாசலில்தான் ஹாரன் அடிக்கிறதோ என்னவோ.

ராத்திரி படித்தது: இங்கிலாந்தில் 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்களாம். 1990-இல் 9 சதவீதம். முக்கியக் காரணம், கார்களைப் பார்த்துப் பெற்றவர்களுக்கு வந்த பயம். நானும் அந்த ரகம்தான்.

மே 10, சனி
லைனுக்குப் போனேன். மகன் கையில் பேரிங் வண்டி: பலகைக்கு அடியில் சக்கரமாக முன்னால் ஒரு பேரிங், பின்னால் இரண்டு. முன்கட்டையில் காலை வைத்துத் திருப்புகிறான். சரிவில் கடகடவென்று இறங்கினால், திரும்ப மேலே இழுத்து வருவது அடுத்தவன் முறை. கிரிக்கெட்டில் பந்து தேயிலைக்குள் போனால் அவுட், அடித்தவனே எடுக்கணும். நான் சின்ன வயதில் ஆடியபோதும் இதே சட்டம்!

நாலரைக்குக் காட்டுமாடு ஒன்று கீழ்த்தோட்டத்தில் தலை தூக்கியது. ஒரு பொடியன் குரல் கொடுத்தான். அத்தனையும் திண்ணைக்கு ஏறிவிட்டன. எதிர் நுனி வீட்டு அத்தை முறத்தோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, "போயிருச்சு, இறங்குங்கடா" என்றார். நான் மட்டும் இன்னும் கதவுக்குப் பின்னால்.

மே 12, திங்கள்
வண்டியையும் கொண்டு வந்துவிட்டான். காலனிக்குள் நாலு ரவுண்டு. "யாருமே வரலம்மா" என்று திரும்பிவிட்டான். ராத்திரி வாட்ஸாப் குரூப்பில் மெசேஜ்: 'பேரிங் சத்தம் தாங்கல, தயவுசெய்து நிறுத்தவும்.' அதற்குக் கீழே பின்வரிசை வீட்டிலிருந்து: 'அந்த வண்டி எங்கே செஞ்சீங்க? பாப்பா கேக்குறா.'