தோட்டத்துப் பிள்ளைகளை முதல் நன்மைக்குத் தயார் செய்வது

இலங்கையின் அட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் முதல் நன்மை (கத்தோலிக்கப் பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்குவது) வகுப்பு எடுக்கப்போகும் புதிய மறையாசிரியர்களுக்கு, வேலையில் இறங்கி நாங்கள் தெரிந்துகொண்டவை இவை.

பிள்ளை மூன்றாம் தரத்தில் இருக்கும்போதே தொடங்குங்கள். நான்காம் தரம் வந்துவிட்டால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூசன் ஞாயிற்றுக்கிழமையையும் பிடித்துக்கொள்ளும். கொழுந்து கூடும் மாதங்களில் தாய்மார் ஞாயிறும் கைக்காசுக்குக் (அன்றே காசு கிடைக்கும் கொழுந்து பறிப்புக்கு) போவார்கள். மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலேயே) நின்றுவிடும். அப்போது கோயிலில் காத்திருந்து பலனில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு மேல் லயத்தில் ஒரு வீட்டு வாசலில் வகுப்பை வையுங்கள். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பார், பாட்டி செபத்தைக் கூடவே சொல்வார். வீட்டில் கேட்காத செபம் பிள்ளையிடம் ஒரு மாதம்கூட நிற்பதில்லை.

முதல் வாரமே ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டுவிடுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன இடத்தில் ஞானஸ்நானம் நடந்திருந்தால் பதிவு அந்தப் பங்கில்தான் இருக்கும். எந்த வருடம், எந்த மாதம், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்பினால் தேடுவது இலகு. சில பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். ஏழு வயது நிரம்பிய பிள்ளையைக் கைக்குழந்தையாகக் கணக்கெடுக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 852இன்படி வயது வந்தோருக்கான ஒழுங்கே அதற்கும் பொருந்தும். உடனே பாதரிடம் சொல்லுங்கள், ஆனால் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.

அதிக நேரம் எடுப்பது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது)தான், எடுக்கவும் வேண்டும். முதல் நன்மைக்கு முன்பு அது முடிந்திருக்க வேண்டும். பாவங்களை நினைத்துப் பார்த்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் சொல்லுதல், அவர் தரும் அபராதத்தைத் (பரிகாரத்தைத்) தீர்த்தல் என்ற ஐந்தையும் பிள்ளைகள் பாட்டுப்போல ஒப்புவிப்பார்கள். ஆனால் இரண்டாவதில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். தங்கச்சியின் பென்சிலை ஒளித்து வைத்ததைச் சொல்லி, அவள் அழுததை நினைக்கச் சொன்னால் புரிந்துவிடும். பாவங்களைத் தாளில் எழுத விடாதீர்கள். அந்தத் தாள் வாங்குக்கடியில் விழும், இன்னொரு பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்கும். பெற்றோர் கூட்டத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "பாதரிடம் என்ன சொன்னாய்?" என்று வீட்டில் கேட்கவே கூடாது. குருவே யாரிடமும் சொல்லாததைத் தாய் தகப்பன் கேட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

மாதம் ஒரு பூசை நடக்கும் தோட்டக் கோயில்களில் பெரும்பாலும் நற்கருணையை வைக்கும் பேழை இருக்காது. ஆகவே பேழையருகே எரியும் விளக்கைப் பார்த்து முழந்தாளிடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்திருக்காது. ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் பங்குக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பேழையின் முன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்க வையுங்கள். நற்கருணை என்றால் என்னவென்று நாங்கள் வகுப்பில் சொல்வதைவிட அங்கே நன்றாக விளங்கும்.

வசீகரம் செய்யாத (பூசையில் குரு இன்னும் அர்ச்சிக்காத) அப்பத்தைப் பாதரிடம் கேட்டு வாங்கிப் பழக்குங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு அது மேல்வாயில் ஒட்டிக்கொள்ள, பிள்ளை விரலை விட்டு எடுக்கப் பார்க்கும். இடது கை மேலே, வலது கை கீழே. "ஆமென்" கேட்கிற மாதிரி வர வேண்டும். வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது.

தகப்பன் இந்துவாக இருந்தால் அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். மழையில் பிள்ளையைக் கூட்டிவருவது பல நேரம் அவர்தான். அவருடைய கும்பிடுதலைக் குறைத்து ஒரு வார்த்தை வந்தாலும் பிள்ளை இரண்டாகக் கிழிந்துபோகும்.

உடுப்புக்கும் கேக்குக்கும் கடன் வாங்கும் வீடுகள் உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வெள்ளைச் சீருடையே போதும், ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை. இதை முதல் கூட்டத்திலேயே பாதர் வாயால் சொல்ல வையுங்கள். நாங்கள் சொன்னால் எடுபடாது. ஒரு மணிநேர உபவாசம் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. எட்டு மணிப் பூசைக்குத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து நடந்து வரும் பிள்ளைக்கு ஆறரைக்கே ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வந்தால் பூசை நடுவில் தலைசுற்றும்.