எந்த மசோதா என்றே தெரியாமல் ஒரு ஓட்டு

ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை ஒழிக்க 2017 ஜூலை 25 அன்று அமெரிக்க செனட்டில் நடந்த வாக்கெடுப்பை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. விவாதத்தை ஆரம்பிக்கலாமா என்பதற்குத்தான் ஓட்டு. சரி, எந்த மசோதா மீது விவாதம்? ஓட்டுப் போட்டவர்களுக்கே தெரியாது! 50-க்கு 50. அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் வந்து தன் ஓட்டைப் போட்டுக் கரையேற்றினார். பார்வையாளர் மாடத்தில் ஒரே கூச்சல். போலீஸ் வந்து வெளியேற்றியது.

கத்தாமல் என்ன செய்வார்கள்? கீழவை மே மாதம் நிறைவேற்றிய வடிவம் சட்டமானால், 2026-க்குள் கூடுதலாக 2.3 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே சொன்னது. அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே குடியரசுக் கட்சியினர் 217-213 என்று நிறைவேற்றிவிட்டு, வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கூடிக் கொண்டாடினார்கள். வயிறு எரியாதா?

ஜூனில், செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலின் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் படுத்துப் போராடினார்கள். ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் கை வைத்தால் வீட்டிலேயே கிடைக்கும் பராமரிப்பு போய்விடும், அப்புறம் காப்பகம்தான் என்ற பயம். கை காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனது போலீஸ். மெக்கானலே சின்ன வயதில் போலியோவிலிருந்து மீண்டவர் என்பது தனிக்கதை.

ஜூலை 25-ம் தேதி ஆதரித்து வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன், 28-ம் தேதி விடியும் முன் கட்டைவிரலைக் கீழே காட்டி முயற்சியைக் கவிழ்த்தார். உலகமே அவரைக் கொண்டாடியது. இரண்டு முறையும் எதிர்த்தே நின்ற அதே கட்சி செனட்டர்கள் சூசன் காலின்ஸையும் லிசா முர்கவ்ஸ்கியையும் யார் கண்டுகொண்டார்கள்?