டெர்மினல் ஃபார்ம் டைரி

ஜூலை 7
புது என்ட்ரி ஸ்க்ரீன் வேலைய இன்னிக்கு எடுத்தாச்சு. ஐபிஎம் 3270, 1971ல வந்த டெர்மினல் (பெரிய கம்ப்யூட்டரோட இணைச்ச ஸ்க்ரீனும் கீபோர்டும்) குடும்பம், இப்ப எமுலேட்டர்ல, அதாவது அதே மாதிரி நடந்துக்கற சாஃப்ட்வேர்ல ஓடுது, ஆனா ரூல் எல்லாம் அதேதான். 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920 இடம். தலைப்பு, லேபிள், ஃபீல்டு, எரர் மெசேஜ் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். பேப்பர் ஃபார்மை பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் மேப் (ஸ்க்ரீன்ல எது எங்க வரணும்ங்கற அமைப்பு) போடறேன், ஏன்னா டைப் பண்றவங்க கண்ணு பேப்பர்லதான் இருக்கும். இதுல டேப் ஆர்டர்னு (டேப் அடிச்சா கர்சர் எந்த வரிசையில போகணும்னு) தனியா எதுவும் குடுக்க முடியாது, இடமிருந்து வலம், மேலருந்து கீழ, அவ்ளோதான். ஃபீல்டை எங்க வைக்கிறோமோ அதுதான் வரிசை.

ஜூலை 8
லேபிள் எல்லாம் போட்டு முடிச்சேன். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னாடி ஒரு அட்ரிப்யூட் பைட் (அந்த ஃபீல்டு எப்படி நடந்துக்கணும்னு சொல்றது) உக்காந்துக்கும், ஸ்க்ரீன்ல வெறும் இடமாத் தெரியும். மேப்ல பொசிஷன் 20னு குடுத்தா டைப் பண்ற முதல் எழுத்து 21ல விழும். ஃபீல்டோட லெங்த்ல அந்த பைட் சேராது.

ஜூலை 10
இன்னிக்கு முழுக்க பேர் ஃபீல்டுதான். பழைய ஸ்க்ரீன்ல வேலை பாக்கற அக்கா கூப்பிட்டு காட்டினாங்க, "தம்பி, பேரு கொஞ்சம் நீளமா இருந்தா மிச்ச எழுத்து ஊர்ல போய் விழுது பாரு"ன்னு. அவங்க பேப்பரைப் பாத்து அடிச்சுக்கிட்டே போறாங்க, 25வது எழுத்தோட பேர் ஃபீல்டு ரொம்புது, பின்னாடி ஆட்டோஸ்கிப் இருக்கறதால கர்சர் சத்தமில்லாம ஊர் ஃபீல்டுக்குத் தாவுது, கடைசி மூணு எழுத்து அங்க ஏறிடுது, அதுக்கப்புறம் டேப் அடிச்சா இன்னொரு ஃபீல்டு தள்ளிப் போயிடுது, முழு ரெக்கார்டும் ஒரு கட்டம் நகர்ந்து நிக்குது. இதை ஆப்பரேட்டர் தலையில போடறது நியாயமே இல்ல. பேர், அட்ரஸ் மாதிரி நீளம் மாறற ஃபீல்டுக்குப் பின்னாடி வெறும் ப்ரொடெக்டட் ஃபீல்டு (டைப் பண்ண விடாத ஃபீல்டு) ஒண்ணு வெச்சா போதும், ரொம்பினதும் கர்சர் அங்கயே நிக்கும், மேல ஒரு எழுத்து அடிச்சா கீபோர்டு லாக் ஆயிடும், ரீசெட் அடிச்சாதான் விடும். தேதி, கோடு நம்பர் மாதிரி நீளம் மாறாததுக்கு மட்டும் ஆட்டோஸ்கிப், அங்க அது நிஜமாவே வரம், ஆயிரம் ஃபார்ம் அடிக்கறவங்களுக்கு ஃபீல்டுக்கு ஒரு டேப் மிச்சம்.

ஜூலை 11
ஒரு ஃபீல்டை நியூமெரிக்னு (எண் மட்டும்) போட்டுட்டா எழுத்து உள்ள வராதுன்னு நம்பக்கூடாது. நியூமெரிக் லாக்ங்கற வசதி இருந்தாதான் டெர்மினல் தடுக்கும், இல்லன்னா எல்லாம் உள்ள வரும். ப்ரோக்ராம்ல செக் வெச்சாச்சு.

ஜூலை 14
என்டர் தட்டினா மாத்தின ஃபீல்டு மட்டும்தான் ப்ரோக்ராமுக்கு வரும், அட்ரிப்யூட்ல ஒரு பிட் அதைக் குறிச்சு வெச்சுக்குது. எரரோட ஸ்க்ரீனை திரும்ப அனுப்பறப்போ அந்த பிட்டெல்லாம் ஆஃப் ஆச்சுன்னா, அடுத்த தடவை திருத்தினது மட்டும் வரும், சரியா அடிச்சதெல்லாம் காலி மாதிரி தெரியும். அதனால முதல்ல வந்ததை ப்ரோக்ராம் பக்கம் சேமிச்சு வெக்கறேன். அப்புறம் ஆப்பரேட்டர் வேணும்னே அழிச்ச ஃபீல்டும் லெங்த் சைபராதான் வரும், தொடாததும் சைபர்தான், ஃபீல்டு கூட வர்ற ஃப்ளாக்ல (நிலையைச் சொல்ற பைட்) ஹெக்ஸ் 80ங்கற மதிப்பு இருக்கான்னு பாத்தாதான் வித்தியாசம் தெரியும்.

ஜூலை 15
தப்பான ஃபீல்டுக்கெல்லாம் லெங்த்ல -1 (கர்சர் இங்க நிக்கணும்ங்கற குறி) போட்டு, பிரைட் ஆக்கி அனுப்பறேன், நாலு தப்பு இருந்தாலும் கர்சர் முதல் தப்புல நிக்கும். அக்கா நீளமான பேரா பாத்து பத்து ஃபார்ம் அடிச்சுப் பாத்தாங்க, ஊர் ஃபீல்டுல ஊரு மட்டும்தான் இருக்கு. அட்ரஸ் ரெண்டாவது வரிக்கும் அதே தடுப்பு வேணும்னாங்க, போட்டுட்டேன்.