0.02 எண்டு எழுதி வாங்கிக் கட்டின கதை

வள்ளங்களுக்குப் பேர்ப்பலகை, நம்பர் போர்டு வெட்ட ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்பியூட்டர் சொல்லுறபடி பலகை வெட்டுற மெசின்) நானே செய்வம் எண்டு போன வருசம் தொடங்கினன். அடியில பொக்ஸ் இரும்பு பிரேம், அதுக்கு மேல 500க்கு 300, 12 மி.மீ. தடிப்பில அலுமினியம் பிளேட் ஒண்டு, அதில வெட்டுற தலை நேரா ஓடுறதுக்கு ரெண்டு லீனியர் ரெயில், அவ்வளவுதான். டிரோயிங் கீறேக்க பிளாட்னெஸுக்கு, அதாவது முகம் எவ்வளவு மேடுபள்ளம் இருக்கலாம் எண்டதுக்கு, என்ன போடுறதெண்டு தெரியாம, நல்லதாவே இருக்கட்டும் எண்டு முழு முகத்துக்கும் 0.02 மி.மீ. அடிச்சு விட்டன்.

கொழும்பில கேட்டா பிளேட் விலையில நாலு மடங்கு கூலி சொல்லுறாங்கள். வேற ஒரு இடத்தில மலிவாக் குடுத்தன், பேர் வேண்டாம். வைஸில இறுக்கி ஒரு பக்கம் மட்டும் 3 மி.மீ. எடுத்துத் தந்தாங்கள், மெசினில இருக்கேக்க மேடுபள்ளம் பாக்கிற டயல் கேஜ் முள்ளு அசையவே இல்லையாம். பஸ்ஸில கொண்டுவந்து திருகோணமலையில வீட்டுக் கண்ணாடி மேசையில வைச்சு ஒரு மூலையை அமத்தினா டக் டக் எண்டு ஆடுது, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில 0.40 தகடு சும்மா பூந்து போகுது.

பிறகு அநுராதபுரச் சந்திப் பக்கம் பட்டறை வைச்சிருக்கிற ஒரு அண்ணையிட்ட போனன். டிரோயிங்கைப் பார்த்திட்டு "தம்பி, இதுக்கு மேல என்ன குந்தப் போகுது?" எண்டார். ரெயில் ரெண்டும், கீழ நாலு காலும் எண்டன். "அப்ப மிச்ச இடத்துக்கு ஏன் காசைக் கொட்டுறீர்?"

உருட்டின பிளேட்டுக்குள்ள உள்விசை அடைஞ்சு கிடக்குமாம், ஒரு பக்கத் தோலை மட்டும் உரிச்சா மற்றப் பக்கம் வளைச்சுப் போடும். டி651 எண்டு குறி போட்டு வாற அலுமினியத்தை தொழிற்சாலையிலயே இழுத்து அந்த விசையைக் குறைச்சிருப்பாங்கள், வார்ப்பு டூலிங் பிளேட்டில இன்னும் குறைவு, விலைதான் கூட. நான் கடையில 6061 எண்டு கலவை நம்பரை மட்டும் கேட்டு வாங்கின ஆள்.

புதுசா டி651 எடுத்தம். முழுத் தகட்டுக்கும் 0.2, ரெயில் வாற ரெண்டு பட்டிக்கு மட்டும் 0.03 எண்டு மாத்தி எழுதினன் (டிரோயிங்குக்கான பொது அளவுத் தரம் ஐஎஸ்ஓ 2768-2, 2021ல விலக்கிட்டாங்கள், அதில ஆகக் கண்டிப்பான எச் வகுப்பே இந்த நீளத்துக்கு 0.3 தான் கேட்டது, நான் முதல் எழுதின 0.02 அதில பதினைஞ்சில ஒரு பங்கு!). அண்ணை பிளேட்டை மேசையில வைச்சு, ஆடுற மூலைக்குக் கீழ கடதாசித் துண்டு செருகிப்போட்டுத்தான் கிளாம்ப் போட்டார், இல்லாட்டி கிளாம்பே அதை நிமித்திப் பிடிச்சு, கழட்டின உடன திரும்ப வளைஞ்சிடும். ரெண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, கடைசிக்கு முதல் ஒருக்காக் கழட்டி விட்டுத் திருப்பி மெதுவா இறுக்கி, 0.2 மி.மீ. மட்டும் உரசி முடிச்சார். கூலி கொழும்பில சொன்னதில மூண்டில ஒரு பங்கும் வரேல்ல.

வீட்ட வந்து கணக்குப் போட்டுப் பார்த்தன், இந்தத் தகட்டின்ர மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாயிருந்தாலே நடுவில 0.06 வளையும். எங்கட வெயிலுக்கு யன்னல் ஓரத்தில வைச்சா என்ர 0.02 எங்க நிக்கும்?

பிளேட்டைப் பிரேமில பூட்டேக்க இன்னொரு கூத்து. நாலாவது போல்ட்டை இறுக்கினா ரெயிலில ஓடுற வண்டி இறுகுது. பிழை பிளேட்டில இல்ல, நான் வெல்ட் பண்ணின பிரேமில, ஒரு காலுக்குக் கீழ 0.4 இடைவெளி. சோடா டின் தகடு ஏறக்குறைய 0.1 வரும், நாலு துண்டு வெட்டிச் செருகினன், வண்டி விரலால தள்ள ஓடுது.

முதல் போர்டு மாமான்ர வள்ளத்துக்கு. எழுத்தின்ர ஆழம் ரெண்டு அந்தத்திலயும் ஒரே அளவு, ளகரத்துக்குப் பதிலா லகரம் வெட்டிப்போட்டன்.