சுகர் ஓபி-ல காசு கரையுற இடம்

சுகர் பேஷண்டுங்களுக்கு ஆகுற செலவ குறைக்கணும்னு பேச்சு வந்தாலே எல்லாரும் மருந்து விலையத்தான் பிடிச்சுக்குறாங்க. இன்சுலின் விஷயத்துல அது சரிதான், ஆனா மெட்ஃபார்மின் மாதிரி சுகர் மாத்திரை எல்லாம் ஏற்கனவே சல்லிசுதான். காசு கரையுறது ஓபி நடத்துற விதத்துல.

ஒருத்தர் லீவு போட்டுட்டு வராரு, டாக்டர் எச்பிஏ1சி-ங்கற ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் கொடுக்குறாரு, அவரு ரத்தம் கொடுத்துட்டு இன்னொரு நாள் லீவு போட்டு ரிசல்ட்டோட மறுபடி வந்து உக்காரணும், ஒரு மாத்திரைய கூட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ண ரெண்டு நாள் போச்சு. முன்கூட்டியே ரத்தம் எடுத்துட்டா ஒரே விசிட்ல முடிஞ்சிடும், எச்பிஏ1சிக்கு வெறும் வயித்துல வரணும்னு கூட இல்ல. அது கடைசி ரெண்டு மூணு மாசத்து சுகர் சராசரி, அதனால மாசாமாசம் எடுக்குறது தண்டம். கன்ட்ரோல்ல இருந்தா வருஷத்துக்கு 2 தடவ போதும்.

அப்புறம் எல்லாரையும் டாக்டரேதான் பாக்கணுமா? சுகர், பிரஷர் ரெண்டும் நிலையா இருக்கறவங்கள ட்ரெயினிங் எடுத்த நர்ஸ் பாக்கலாம். இன்சுலின் ஆரம்பிக்கறவங்க, கிட்னி வேலை செய்யுறது குறைஞ்சுட்டு வரவங்க, கர்ப்பிணிங்க, இவங்களுக்குத்தான் டாக்டர் நேரம் வேணும்.

காலு பாக்குறதும் நர்ஸ் வேலைதான், எனக்குக் கேட்டா மொத்த ஓபி-லயும் இதுக்கு ஈடா எதுவும் இல்ல. மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை, பாதத்துல வச்சு அது வளையுற வரைக்கும் அழுத்தணும், அப்பதான் 10 கிராம் அழுத்தம் விழும். கண்ண மூடச் சொல்லிட்டு நடுநடுல தொடாமலேயும் "தெரியுதா"ன்னு கேக்கணும், இல்லன்னா நம்மாளுங்க மரியாதைக்கே ஆமா ஆமான்னு தலையாட்டிடுவாங்க. சுகரால கால்ல உணர்ச்சி போனவங்கள இப்பவே கண்டுபிடிச்சு செருப்பு, புண்ணுன்னு கவனிச்சா கால எடுக்குற நிலைமைய பெரும்பாலும் தவிர்த்துடலாம். ஆனா பாதி பேர செருப்பக் கழட்டக்கூடச் சொல்றதில்ல, அதான் கடுப்பா இருக்கு.

பிரஷரையும் விட்டுடக் கூடாது. பிரிட்டன்ல 1998-ல வெளிவந்த யூகேபிடிஎஸ் ஆய்வுல பிரஷர இறுக்கிப் பிடிச்ச டைப் 2 சுகர் ஆளுங்களுக்கு பக்கவாதம் 44 சதவீதம் குறைஞ்சுது, அதுக்கான மாத்திரைங்க பழசு, விலையும் கம்மி.

வராதவங்க லிஸ்ட் ஒண்ணும் கண்டிப்பா வேணும். வரிசையில நிக்கறவங்களத்தானே பாக்குறோம், ஆறு மாசமா ஆளையே காணோம்னா யாரு கேக்குறா? போன் பண்ண தனி ஆள் போட முடியலன்னா டோக்கன் குடுக்குறவங்களே கூட்டம் குறைஞ்சதும் நாலு பேருக்கு அடிச்சுக் கேக்கலாம்.