மாதா குளம் வரை முழந்தாளில்

இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணியில் மாதா குளம் வரை மணற்பாதையில் முழந்தாளால் நடந்து வருவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தார். முழந்தாளிடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், "எனக்காக நீ போவியாப்பா?" என்று ஓர் இரவு தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் விசுவாசத்தை விட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன என்பது அவருக்குத் தெரியும். போகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாக் கூட்டத்துக்கு அஞ்சி, அது கழிந்த பிறகே சென்றோம். ஆயினும் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் விடுதித் தரகர்கள் பையைப் பற்றி இழுத்தார்கள். மெழுகுதிரிகளை அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் பிறகு விலை சொன்னார்கள். தேறி வந்த நோயாளியைக்கூட விடாத இந்தத் தொல்லையை யாராவது நிறுத்த வேண்டும்.

காலைத் திருப்பலியில், கிறிஸ்துவின் உடலென்று நம்பி அப்பத்தை வாங்கும் நற்கருணை வரிசை நகர்ந்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழவில்லை.

ஒன்பது வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று குருவானவர் சொல்ல, "ஆமென்" என்ற என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல் படக்கூடாது என்று மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எச்சரித்திருந்ததால், கஞ்சி மொடமொடத்த வெள்ளைச் சட்டையோடு, எச்சிலைக்கூட மெல்ல விழுங்கியபடி, அது கரையும்வரை அசையாமல் முழந்தாளிட்டிருந்தேன். அதைவிடக் கவனமாக வாழ்வில் எதையும் நான் காத்ததில்லை. சிறுவர்களுக்கு ஏழு வயதளவிலேயே நற்கருணை வழங்க 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வழி செய்தபோது, இந்த அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்குத் தெரிந்தால் போதும் என்றே வைத்தார். அந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்று அதை நம்பாமலே "ஆமென்" சொல்லி வாங்கினால், அது அந்தச் சிறுவனுக்குச் செய்யும் துரோகம். வரிசையில் நிற்கவிடாமல் என்னைத் தடுத்தது என் புதுநன்மைதான்.

மணற்பாதை வேறு. அது அம்மா கொடுத்த வாக்கு; அதற்கு முழங்கால் மட்டுமே என்னுடையது. பாதித் தொலைவுக்குள் தோல் உரிந்து, வியர்வை பட்டு எரிந்தது. அம்மா என் தலைக்குக் குடை பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று செபமாலை சொல்லிவந்தார். பின்பாதியைச் சொல்ல ஆளின்றி ஒவ்வொரு முறையும் அவர் மூச்சு வாங்குவதைப் பொறுக்க முடியாமல், "தூய மரியே, இறைவனின் தாயே" என்று நான் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. அம்மா பிழைத்ததற்கும், அறுத்துத் தைத்த மருத்துவர்களுக்கும், அன்று அந்தச் செபத்தைச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்குமாகச் சேர்த்து நன்றி பொங்கிவந்து, மணல் தெரியாதபடி கண்ணை மறைத்தது.

குளத்தருகே அம்மா தம் முந்தானையால் என் முழங்காலில் அப்பிய மணலைத் தட்டிவிட்டு, தீர்த்தத்தைத் தொட்டுத் தடவினார். மீதியை ஊருக்குக் கொண்டுபோகப் புட்டியில் நிரப்பிக்கொண்டார்.